இராசராசேச்சரத்துத் திருப்பதியக் கட்டளை

மூத்தோரைப் போற்றுதல் எல்லா நாட்டார்க்கும் எல்லாச் சமயத்தார்க்கும் ஒப்ப முடிந்த அறமாம். ஆயினும், போற்றும் முறை யாது என்பதில் மாந்தர் ஒருபடித்தாக நிற்றலில்லை. முன்னோர்க்கு உருவமைத்து மாலை சூட்டுதலோடு அமைவார் ஒரு சாரார். அவர்தம் நூல்களைப் பட்டிற் பொதிந்து பேழையில் வைத்துப் பூட்டுதலோடு அமைவார் மற்றொரு சாரார். அவர் மொழிந்தனவற்றைத் தம் நாவிற் கொண்டு, அடுத்த தலைமுறையின் நாவில் ஏற்றிச் செல்வார் பிறிதொரு சாரார். இம்மூன்றனுள் எது நிலைத்தது, எது கெட்டது என்பதனைத் தெளிதற்குத் தமிழ்நாட்டுத் திருமுறை வரலாற்றினும் சிறந்த சான்று காண்டல் அரிது.

சைவசித்தாந்த நூல்களுள் தலைநின்ற சிவஞானபோதத்தின் பன்னிரண்டாஞ் சூத்திரம், மலமகன்ற மெய்யன்பரது திருவேடத்தையும் ஆலயத்தையும் அரனெனவே கொண்டு தொழுதல் வேண்டுமெனக் கட்டளையிடுகின்றது. ஆகலின் அடியார் வழிபாடு சித்தாந்திகட்கு வெறும் நன்றியறிதல் அன்று. சீவன்முத்தர்க்கும் நீங்காத கடமையாம். மெய்கண்டதேவர் இதனைச் சூத்திரமாக யாத்தது 13ஆம் நூற்றாண்டிலாயினும், அதன் பொருள் அதற்குப் பன்னூறாண்டு முன்னரே தமிழகத்தில் ஒழுக்கமாய் நிலவியது. திருவாரூரில் அடியார் திருக்கூட்டத்தைக் கண்டு வணங்கிய நம்பியாரூரர் திருத்தொண்டத்தொகை அருளினார். பதினொரு பாட்டளவில் அமைந்த அச்சிறு தொகையே பின்னர் நம்பியாண்டார் நம்பியின் அந்தாதிக்கு முதலாயிற்று. அவ்வந்தாதியும் தொகையும் சேர்ந்து, 12ஆம் நூற்றாண்டில் இரண்டாங் குலோத்துங்க சோழன் காலத்துச் சேக்கிழார் பெருமான் அருளிய திருத்தொண்டர் புராணத்துக்கு ஆதாரமாயின. பதினொரு பாட்டு நாலாயிரத்தின் மேற்பட்ட பாட்டாக விரிந்தவாறு இதுவாகும். பெயர் மட்டுமே சொல்லி வணங்கிய முன்னோரை, வரலாறு சொல்லி வணங்கும் நிலைக்குப் பின்னோர் உயர்த்தினர் என்க.

இவ்வொழுக்கம் நூலளவில் நில்லாது, நெல்லும் பொன்னும் நிலமும் அளந்து கொடுத்த அரசியற் கட்டளையாகவும் நின்றதனைத் தஞ்சை இராசராசேச்சரத்துக் கல்வெட்டுகள் காட்டுகின்றன. கி.பி. 985-இல் அரியணையேறிச் சிவபாதசேகரன் எனச் சிறப்புப்பெயர் பூண்ட முதலாம் இராசராச சோழன் எடுத்த அத்திருக்கோயில் கி.பி. 1010-இல் நிறைவெய்தியது. அதன் கல்வெட்டுகளை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் உல்ட்சு என்னும் செருமானிய அறிஞர் படியெடுத்து வெளிப்படுத்தினர். மூத்தோரைப் போற்றும் மூவகையும் அக்கோயில் ஒன்றிலேயே ஒருங்கு காணக் கிடத்தல் வியக்கற்பாலது.

முதலாவது, ஈன்றோர் வழிபாடு. இராசராசனுக்குத் தமக்கையாராகிய குந்தவைப் பிராட்டியார், பொன்மாளிகைத் துஞ்சின தேவர் எனப்பட்ட தம் தந்தை சுந்தர சோழர்க்கும், தம் அன்னையார்க்கும் செப்புத் திருமேனிகள் அமைத்து அக்கோயிலில் எழுந்தருளுவித்தார். அரசனும், தான் கொடுத்தவற்றைச் சொல்லியவுடன் தன் தமக்கையார் கொடுத்தவற்றையும், அதன்பின்னரே தன் தேவியரும் பிறரும் கொடுத்தவற்றையும் கல்லில் வெட்டுமாறு பணித்தான். மூத்தாளை முற்படச் சொல்லிய அவ்வரிசை முறையே ஒரு பாடமாம்.

இரண்டாவது, அடியார் வழிபாடு. அக்கோயிலில் ஸ்ரீகாரியம் பார்த்துவந்த ஆதித்தன் சூரியனான தென்னவன் மூவேந்த வேளான் என்பார், நம்பியாரூரர், நங்கை பரவையார், திருநாவுக்கரையர், திருஞானசம்பந்தடிகள் ஆகியோர் திருவுருவங்களைச் செம்பில் வார்ப்பித்து எழுந்தருளுவித்தார். சிறுத்தொண்டரும் அவர்தம் மனைவியாரும் மைந்தர் சீராளரும் அவ்வாறே உருவமைக்கப்பெற்றனர். அத்திருமேனிகளின் உயரம் முழத்தாலும் விரலாலும் அளந்து குறிக்கப்பட்டுள்ளது. பொன்னை ஆடவல்லான் என்னும் கல்லாலும், பூணணிகளைத் தட்சிணமேரு விடங்கன் என்னும் கல்லாலும் நிறுத்து எழுதும் வழக்கமும் அக்கோயிலில் இருந்தது. இறைவன் பெயரையே எடைக்கல்லுக்கும் இட்டவர், அளவில் வழுவ நினையார் அன்றோ?

மூன்றாவதே இக்கட்டுரைக்கு உரிய பொருளாகும். அஃதாவது, முன்னோர் திருவாக்கைக் காக்கும் பொருட்டு அரசன் செய்த கட்டளை. தன் ஆட்சியின் 29ஆம் ஆண்டு வரையில், அஃதாவது கி.பி. 1014 அளவில், இராசராசன் திருப்பதியம் விண்ணப்பஞ் செய்வதற்குப் பிடாரர் 48 பேரையும், அவர்க்கு உடுக்கை வாசிப்பான் ஒருவனையும், கொட்டிமத்தளம் வாசிப்பான் ஒருவனையும் ஆக 50 பேரை நியமித்தான். ஒவ்வொருவர்க்கும் நாள்தோறும் முக்குருணி நெல், ஆடவல்லான் என்னும் மரக்காலால் அளக்கப்பட்டது. ஐம்பதின்மர்க்கும் நாளொன்றுக்கு 150 குருணி. 12 குருணி கொண்டது ஒரு கலமாகலின், இது 12 கலமும் 6 குருணியும் ஆகும். ஆண்டுக்கு 360 நாளெனக் கொள்ளினும் 4,500 கலம் நெல் இப்பாட்டின் பொருட்டே செலவாயிற்று. பாட்டை ஓர் அரசு எவ்வளவு பொருளாக மதித்தது என்பதற்கு இத்தொகையே போதிய அளவுகோலாம்.

அவ்வைம்பதின்மர் பெயர்களையும் அரசன் விடாது கல்லில் ஏற்றினான். அப்பெயர்களுள் ஆரூரன், அம்பலத்தாடி, சிறுத்தொண்டன், திருநாவுக்கரையன் என வருவன பல. இவை பெற்றோர் இட்ட பெயர்கள். அவற்றோடு ஞானசிவன், தர்மசிவன், சத்தியசிவன் எனத் தீக்கைப் பெயர்களும் சேர்ந்து நிற்கின்றன. தில்லையையும் ஆரூரையும் நாயன்மாரையும் தம் மக்கள் பெயரால் நாள்தோறும் விளித்து வாழ்ந்த குடிகளிலிருந்தே இவ்வோதுவார் தோன்றினர் என்பது இதனால் அறியப்படும். வீட்டில் அழைக்கும் பெயரே முதற் பாடமாகவும், கோயிலில் ஓதும் பதியமே முடிந்த பாடமாகவும் அமைந்தவாறு காண்க.

இனி, இக்கட்டளையின் உயிர்நிலையாவது அதன் ஈற்றில் வரும் விதியே. ஐம்பதின்மருள் எவரேனும் இறந்துபடின் அல்லது வேற்று நாடு போகின், அவர்க்கு அடுத்த உறவினர் அந்நெல்லைப் பெற்றுத் திருப்பதியம் விண்ணப்பஞ் செய்தல் வேண்டும். அவ்வுறவினர் தாம் தகுதியுடையர் அல்லராயின், தகுதியுடையாரைத் தேர்ந்து ஓதுவித்து நெல்லைப் பெறல் வேண்டும். அடுத்த உறவினர் எவரும் இலராயின், எஞ்சிய ஓதுவாரே அவ்விடத்துக்குத் தகுதியுடையார் ஒருவரைத் தேர்ந்து கொள்ளுதல் வேண்டும். அவ்வாறு தேரப்பட்டவர் முன்னவர் பெற்றபடியே நெல்லைப் பெறுவர்.

இவ்விதியின் நுட்பத்தை உற்று நோக்குவார்க்கு அரசனது உள்ளக்கிடை இனிது புலனாம். குடிவழி உரிமையை அவன் தள்ளிற்றிலன். தந்தை பாடக் கேட்டு வளர்ந்த மகனுக்குப் பண்ணும் பதியமும் எளிதில் வாய்க்கும் ஆதலின், அவ்வுரிமைக்குக் காரணம் உண்டு. ஆனால் பிறப்பு ஒன்றையே பற்றித் தகுதியில்லானை இறைவன் திருமுன் நிறுத்தவும் அவன் ஒருப்பட்டிலன். பாடத் தெரியாத உறவினனும் பாடத் தெரிந்தாரைத் தேடித் தந்தாலன்றி நெல் பெறான். உறவே அற்றவழி, தேரும் அதிகாரத்தை அலுவலர் கையில் வையாது, ஓதுவார் கையிலேயே வைத்தான். பாட்டின் நலந் தீங்கு பாடுவார்க்கே தெரியும் அன்றோ? குடிக்கு மதிப்பு, தகுதிக்கு முதன்மை, அறிந்தார்க்கே தேர்வுரிமை என்னும் இம்மூன்றும் ஒருங்கு அமைந்த விதி இதுவாகும். ஐம்பதின்மருள் ஒருவர் மறையினும், அவர் இடம் மறையாது. அவ்விடத்துக் குரல் ஓயாது. மூத்தோர்க்கு எடுத்த மெய்யான நினைவுக்குறி அவ்வோயாக் குரலேயாம்.

இக்கட்டளைக்கு முன்னரும் கோயில்களில் பதியம் ஓதும் வழக்கம் உண்டு. நந்திவிக்கிரமவர்மன் என்னும் பல்லவ வேந்தனது 17ஆம் ஆண்டைச் சேர்ந்த திருவல்லத்துக் கல்வெட்டு, அங்குத் திருப்பதியம் பாடுவாரைக் குறிப்பிடுகின்றது. ஆகலின் இராசராசன் புதிதாக ஒன்றனைப் படைத்தான் அல்லன். ஆங்காங்கு நிலவிய வழக்கத்துக்கு, தலைமுறை தாண்டியும் நிற்கும் ஒழுங்கினை வகுத்தான் என்பதே பொருந்தும்.

ஈண்டுத் திருமுறைகண்ட புராணம் கூறும் வரலாற்றையும் உடன்வைத்து நோக்குதல் தகும். உமாபதி சிவாசாரியர் அருளியதாக வழங்கும் அந்நூலின்படி, மூவர் பாடல்களைத் தேடிய சோழ வேந்தன் திருநாரையூர் நம்பியாண்டார் நம்பியை அடைந்து, ஏடுகள் தில்லையில் ஓர் அறையில் மூவர் கையடையாளத்தோடு பூட்டப்பட்டுள்ளன என அறிந்தான். தில்லைவாழந்தணர், பாடிய மூவரும் வந்தாலன்றி அறை திறவாது என்றனர். அரசன் மூவர் திருவுருவங்களையும் எழுந்தருளுவித்துக் கொணர்ந்து, மூவரும் வந்தனர் என்று காட்ட, அறை திறக்கப்பட்டது. ஆண்டு ஏடுகளைப் புற்று மூடியிருந்தது. எண்ணெய் சொரிந்து புற்றினை நீக்கியபோது, பெரும்பகுதி செல்லரித்தொழிந்தமை கண்டு அரசன் நைந்தான். இக்காலத்துக்கு வேண்டுவனவற்றையே எஞ்சவைத்தோம் என ஒரு திருவாக்கு எழுந்தது. பின்னர்ப் பண் வகுக்கும் வழி தெரியாது நின்றபோது, திருவெருக்கத்தம்புலியூரில் திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் தோன்றிய பெண்மணி ஒருவரைக் கொண்டு பண்முறை அமைக்கப்பெற்றது.

அவ்வேந்தன் இன்னான் என்பதில் அறிஞர் பலவாறு கூறுவர். அது நிற்க, இவ்வரலாறு உணர்த்தும் பொருளில் ஐயப்பாடு இல்லை. ஏடுகளைப் பகைவர் எரித்திலர். வெள்ளம் கொண்டு போயிற்றில்லை. பெருமதிப்போடு, இலச்சினையிட்டு, திருக்கோயிலின் உள்ளேயே அவை பூட்டப்பட்டிருந்தன. அம்மதிப்பே அவற்றுக்குக் கேடாயிற்று. எடுத்து ஓதுவாரும், பார்த்துப் படியெடுப்பாரும் இன்மையின், கறையான் தன் தொழிலைத் தடையின்றிச் செய்தது. மூவர் பதிகங்களின் தொகை நூறாயிரத்தின் மேற்பட்டது என்பது மரபு. இன்று ஓதப்படுவன எண்ணூற்றுக்குச் சற்றே குறைந்தன. ஏட்டில் வரையப்படாத பண்ணோ, ஒரு பாணர் குடியின் நாவிலும் செவியிலும் அழியாது நின்றது. பூட்டிக் காத்தது மண்ணாயிற்று. பாடிக் காத்தது எஞ்சியது. அறையைத் திறக்க மூவர் திருமேனியும் வரவேண்டியிருந்தது என்பதிலும் ஒரு கருத்துண்டு. முன்னோரை முன்னிட்டுச் செல்வார்க்கே முன்னோர் வைத்த நிதி திறக்கும் என்க.

இதனால் கல்லும் செம்பும் வேண்டாதன என்பது கருத்தன்று. அவையும் தத்தம் அளவிற் பெருந்துணை புரிந்துள்ளன. இராசராசனுக்குப் பாட்டியார் முறையினராகிய செம்பியன் மாதேவியார், செங்கற் றளிகளைக் கற்றளிகளாகப் புதுக்கியபோது, திருக்கோடிகாவில் பழைய கல்வெட்டுகளை வீசியெறியாது, படியெடுத்துப் புதிய சுவரில் மீள வெட்டுவித்தார். அவை பழங்கல்லின் படி என்பதனையும் உடன் குறிப்பித்தார். தமக்கு முன் கொடுத்தார் பெயரை அழித்துத் தம் பெயரை நிறுத்துவார் மலிந்த உலகில், பிறர் அறத்தைத் தம் செலவிற் காத்த இவ்வம்மையார் செயல் எஞ்ஞான்றும் நினைக்கத் தக்கது. நரலோகவீரன் என்னும் சோழர் படைத்தலைவன், தில்லையில் மூவர் பாடல்களைச் செப்பேட்டில் எழுதுவித்தமையை அத்தலத்துக் கல்வெட்டுப் பாடல்கள் கூறும். திருவிடைவாய்த் திருப்பதிகம் ஏடுகளில் விடுபட்டொழிந்தது. ஆயினும் அவ்வூர்க் கோயிற் கல்வெட்டில் இருந்து 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கண்டெடுக்கப்பட்டுத் திருஞானசம்பந்தர் தேவாரத்தோடு சேர்க்கப்பெற்றது. ஏடு கைவிட்டதனைக் கல் கைவிடவில்லை.

அண்மையிலும் அத்தகைய நிகழ்ச்சி ஒன்று நேர்ந்தது. 2023 ஏப்ரலில், சீகாழிச் சட்டைநாதர் கோயிற் குடமுழுக்கின் பொருட்டு யாகசாலைக்கு மண் எடுத்தபோது, நிலத்தினடியிலிருந்து இருபதின் மேற்பட்ட செப்புத் திருமேனிகளும், நானூற்றின் மேற்பட்ட தேவாரச் செப்பேடுகளும் வெளிப்பட்டன. ஆளுடைய பிள்ளையார் அவதரித்த தலத்திலேயே அவர் மரபின் திருவாக்கு மண்ணினின்று மீண்டெழுந்தமை சைவவுலகுக்கு உவகை விளைத்தது. அவ்வுவகையோடு உடன்வைத்து எண்ணுதற்குரியது ஒன்றுண்டு. அவை அங்குப் புதைந்திருப்பதனைச் சொல்வார் ஒருவரும் ஊரில் இருந்திலர். செம்பு காத்தது, ஆயின் செம்பு இருக்குமிடத்தைச் சொல்லும் வாய் காவாதொழிந்தது. அவ்விடையீட்டிலும் அப்பதிகங்கள் உலகில் வழங்கியமைக்குக் காரணம், மண்ணுக்கு மேல் அவற்றை ஓதுவார் ஒழியாது இருந்தமையே.

சோழர் ஆட்சி மறைந்தபின் முக்குருணி நெல் அளப்பார் இலராயினர். எனினும் திருவாவடுதுறை, தருமபுரம் முதலிய ஆதீனங்கள் ஓதுவாரைப் பயிற்றி அக்கடமையைத் தாங்கின. ஏடுகளைப் புதுக்குதலும், பிள்ளைகட்குப் பதிகம் சொல்லிக் கொடுத்தலும், குருபூசை நாளில் அவரவர் பதிகங்களை ஓதுவித்தலும் அங்கு மரபாய் நடந்தன. 19ஆம் நூற்றாண்டில் தேவாரம் அச்சேறியது. 1943-இல் தோன்றிய சென்னைத் தமிழிசைச் சங்கம் 1949 முதல் பண்ணாராய்ச்சிக் கூட்டங்களை நடத்தியபோது, ஓதுவார் வழிவழி பாடிவந்த முறையே ஆராய்ச்சிக்கு முதற்சான்றாக நின்றது. 1984 முதல் புதுச்சேரிப் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் வெளியிட்ட தேவாரப் பதிப்பு, தி. வே. கோபாலையர் பல ஏடுகளையும் பதிப்புகளையும் ஒப்புநோக்கி அமைத்ததாகும். தருமபுரம் ப. சுவாமிநாதனார் முதலிய ஓதுவாமூர்த்திகள் பாடிய பதிகங்கள் இன்று ஒலிப்பதிவாகவும் கேட்கக் கிடைக்கின்றன.

ஒலிப்பதிவு வந்தபின் ஓதுவார் எற்றுக்கு எனின், அது பூட்டிய அறையின் வாதமேயாம். பதிவு ஒரு காலத்துப் பாடிய ஒரு முறையை மாறாது வைத்திருக்கும். மாணாக்கன் பிழைத்தவழித் திருத்தாது. அவன் குரலுக்கேற்பச் சுருதி தாழ்த்திக் கற்பியாது. காலைப் பூசைக்கும் மாலைப் பூசைக்கும் உரிய பதிகம் எதுவெனத் தேர்ந்து எடுத்துக் கொடாது. இவையெல்லாம் ஆசிரியன் வாயிலிருந்து மாணாக்கன் செவிக்கு வருவன. மூத்தவர் ஒருவர் நூறு பதிகம் அறிந்திருந்து, ஒருவர்க்கும் ஓதுவியாது மறைவாராயின், ஓர் அறை செல்லரித்தொழிந்ததாகவே கொள்ளல் வேண்டும். மூத்தவர் ஓதுவிக்க விரும்பியிருந்தும் இளையார் வந்து அமர்ந்திலராயின், அவ்வறையின் திறவுகோலை அவர் தம் கையாலேயே எறிந்தவராவர்.

ஆகவே மூத்தோர்க்குச் செய்யும் சிறப்பு மூன்று படியாய் நிற்றல் வேண்டும் என்பது இவ்வரலாற்றினாற் பெறப்படும். அவர் உருவையும் பெயரையும் போற்றுதல் முதற்படி. குந்தவைப் பிராட்டியாரும் ஆதித்தன் சூரியனாரும் அது செய்தனர். அவர் அறத்தையும் மொழியையும் அழியாப் பொருளில் எழுதி வைத்தல் இரண்டாம் படி. செம்பியன் மாதேவியாரும் நரலோகவீரனும் அது செய்தனர். அவர் மொழியை ஓதுவார்க்கு உணவளித்து, அவர்க்குப் பின் ஓதுவார்க்கும் வழி வகுத்தல் மூன்றாம் படி. முதலிரண்டும் மூன்றாவதன் பொருட்டே அமைந்தன. மூன்றாவது இல்வழி உருவம் காட்சிப்பொருளாம். ஏடு கறையானுக்கு இரையாம்.

ஓர் ஊரார் தம் கோயிலுக்குக் கோபுரம் புதுக்க எளிதில் பொருள் தொகுக்கின்றனர், அது நன்றே. அதனொடு, அக்கோயிலில் ஓதும் முதியவர் யாவர், அவர்பால் பயிலும் பிள்ளை யாவன், அவ்விருவர்க்கும் அளக்கப்படும் முக்குருணி யாது என வினவுதலும் அவர்க்குக் கடனாம். தன் திருக்கோயிலுக்கு விண்ணளாவ விமானம் எடுத்த வேந்தன், அவ்விமானத்தோடு அமையாது, நாற்பத்தெண்மர் குரலையும் அவர்தம் வழித்தோன்றல் குரலையும் கல்லில் ஏற்றி வைத்தான். விமானம் காண்பார்க்கு அவன் செல்வம் தெரியும். அக்கட்டளையைப் படிப்பார்க்கு அவன் அறிவு தெரியும்.

திருச்சிற்றம்பலம்.